ஒரே நோக்கம் கொண்ட வாழ்வு

மகிழ்ச்சியும் வெற்றியும் வேண்டுமென்று விரும்பாதவர் யார்? புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அவர் 1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருவானவரின்றித் தவிப்பதைக் கேள்வியுற்று, 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வயிற்றோட்டம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. தேறியபின், கழுத்தில் செபமாலை அணிந்து, பிச்சை கேட்பவர்போல் வீடு வீடாகச் சென்று விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். இரவிலே இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

1692இல் கண்டியில் ஒற்றனென்று சிறையிலிடப்பட்டார். அங்கும் சோர்ந்திருக்கவில்லை, சிங்களம் படித்தார். 1697இல் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, மதபேதமின்றி அவர்களைப் பராமரித்தார்.

1711 தை மாதம் 16ஆந் திகதி கண்டியில் அவர் கண்மூடியபோது அவரிடம் செல்வமெதுவும் இல்லை; ஆனால் இலங்கைத் திருச்சபை மீண்டும் உயிர்பெற்றிருந்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நாமோ நூறு காரியங்களில் மனதைச் சிதறவிட்டு, அமைதி இல்லையே என்று முறையிடுகிறோம். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், நான் எதற்காக வாழ்கிறேன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.