திருச்செங்கோட்டில் பழகிய பேனா

சரித்திரப் பாடம் என்றாலே பல பிள்ளைகளுக்கு வேப்பங்காய்தான். ஆண்டுகளையும் போர்களையும் மனப்பாடம் செய்வார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் வந்தியத்தேவன் கதையை ஆரம்பித்துப் பாருங்கள். அவன் குதிரை ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் "அப்புறம்?" என்பார்கள்!

இந்த வித்தையைச் செய்தவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி.

மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். வசதியான குடும்பம் அல்ல. திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கம் வந்தது. 1921-ல் பள்ளிக்கூடத்தை விட்டார். மறு வருஷம் சிறைக்குப் போனார். பிறகு திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியர் ஆனார்.

கொங்கு நாட்டில்

அடுத்துத்தான் அவர் கொங்கு நாட்டுக்கு வந்தார். திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜியின் காந்தி ஆசிரமம் இருந்தது. 1929-ல் அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது. மதுவிலக்கு ஒன்றே அதன் வேலை. கதை, படம், கட்டுரை எல்லாம் குடியின் கேட்டையே பேசின.

அந்தப் பத்திரிகை நெடுநாள் நடக்கவில்லை. ஆனால் அதில் செய்த வேலை லேசானது அல்ல. எழுத்து வாசனை இல்லாத குடியானவனுக்கு யாராவது வாசித்துக் காட்டினாலும் விளங்க வேண்டும். அலுப்புத் தட்டினால் அவன் எழுந்து போய்விடுவான். கல்கியின் சரித்திரக் கதைகளைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட முடிவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

பிறகு அவர் 'ஆனந்த விகட'னின் ஆசிரியரானார். 1941-ல் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்குப் பணம் திரட்ட எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தது ஊரறிந்த விஷயம்.

தொடர்கதையில் வந்த ராஜாக்கள்

தமிழில் சரித்திர நாவல் அதற்கு முன்பே உண்டு. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895-லேயே வந்துவிட்டது. ஆயினும் வீட்டுக்கு வீடு அதைக் கொண்டு சேர்த்தவர் கல்கிதான். பிரான்சில் டூமா 1844-ல் 'மூன்று வீரர்கள்' கதையைத் தினசரிப் பத்திரிகையில் தொடராக எழுதியதுபோல, இவரும் வாரா வாரம் எழுதினார். 'பார்த்திபன் கனவு', பிறகு 'சிவகாமியின் சபதம்', 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்'. ஓவியர் மணியம் படம் வரைந்தார். பாட்டி முதல் பேரன் வரை பத்திரிகைக்குக் காத்திருந்த காலம் அது.

கிணத்துக்கடவில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு இதையெல்லாம் பழக்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வ'னைக் கையில் கொடுத்தால் பையன் மிரண்டுபோவான். 'பார்த்திபன் கனவு'தான் சரியான ஆரம்பம். அளவில் சிறியது. அதில் சோழ மன்னன் பார்த்திபன், போருக்குப் போகும் முன் தன் சிறு மகன் விக்கிரமனைச் சித்திர மண்டபத்துக்கு அழைத்துப் போகிறான். தான் ரகசியமாகத் தீட்டிய சித்திரங்களைக் காட்டுகிறான். பிள்ளைக்கு வம்சத்தின் கதையைச் சொல்ல இதைவிட நல்ல வழி எந்தத் தகப்பனுக்குத் தெரியும்?

இரவுச் சாப்பாடு ஆனதும் தினம் ஓர் அத்தியாயம் வாசித்தால் போதும். கல்கியின் எழுத்துக்கள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்புகளுக்குப் பஞ்சமில்லை. காவிரிக் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். கொங்கு நாடும் சோழர் கைக்கு வந்த நாடுதான். பொன்மலை வேலாயுதசுவாமியைக் கும்பிட்டுவிட்டுக் கோவைக்குப் பஸ் ஏறினால், பேரூர்க் கோயில் கல்வெட்டுகளை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.

நிஜம் எது? கற்பனை எது?

ஒரு விஷயத்தில் மட்டும் பெற்றோர் உஷாராக இருக்க வேண்டும். கதையில் வந்ததெல்லாம் நடந்தது என்று பிள்ளை நம்பிவிடும்! பார்த்திபனும் விக்கிரமனும் கற்பனை. நரசிம்ம பல்லவன் நிஜம். நந்தினி கற்பனை, பூங்குழலியும் கற்பனை. வந்தியத்தேவனோ குந்தவையின் கணவனாகத் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறான். வாதாபியை வென்ற பரஞ்சோதி, பெரிய புராணத்தில் சிறுத்தொண்டராக வருகிறார். அத்தியாயம் முடிந்ததும் இதைச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. பெரிய பையன்கள் இதற்கென்றே நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலைத் தேடிப் போவதும் உண்டு. கல்கியும் அந்த நூலைப் படித்துத்தான் எழுதினார்.

'பொன்னியின் செல்வன்' முடிந்த அதே 1954-ல், டிசம்பர் 5-ந் தேதி அவர் காலமானார். வயது 55.

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டு, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் இருக்கிறது. வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரை ஓட்டி வருகிற வீராணம் ஏரி, அந்த ஊருக்குப் பக்கத்தில்தான்.