தண்ணீரைச் சோதித்த வேதியியலாளர் அடுப்படிக்கு ஏன் பாடம் எழுதினார்? மனையியலின் முன்னோடி எலன் ரிச்சர்ட்ஸின் கதை

வீட்டுக்கு ஆர்.ஓ. விற்க வருகிறவர் ஒரு டம்ளர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை முக்கி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த ஊர்த் தண்ணீரில் இயல்பாகவே எவ்வளவு உப்பு இருக்கும் என்று தெரிந்தால்தான் கணக்கு புரியும். இதை 1880-களின் கடைசியிலேயே வரைபடம் போட்டுக் காட்டியவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர்.

இவரைத்தான் மனையியல் படிப்பின் தாய் என்கிறார்கள். ஆமாம், ஹோம் சயின்ஸ்தான். சமையல் கத்துக்க மூணு வருஷம் காலேஜா என்று நக்கலடிப்பார்களே, அதே படிப்பு.

பின்வாசல் அனுமதி

1842-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டன்ஸ்டபிளில் பிறந்தவர் எலன். அப்பாவின் கடையில் நின்றார், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், பிறர் வீடுகளில் வேலையும் பார்த்தார். காசு சேர்த்து வாசர் பெண்கள் கல்லூரிக்குள் நுழையும்போது வயது 25 ஆகியிருந்தது.

1870-ல் பட்டம் வாங்கியதும் வேதியியல் படிக்க பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். அங்கே முதல் மாணவி இவர்தான். கட்டணம் கேட்கவில்லை. நம் கஷ்டத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று எலன் நினைத்தார். விஷயம் வேறு. யாராவது ஆட்சேபம் கிளப்பினால், இவர் எங்கள் மாணவியே இல்லை என்று நிர்வாகம் கைகழுவிவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் பணம் வாங்கவில்லை. இது தெரிந்திருந்தால் சேர்ந்தே இருக்க மாட்டேன் என்று பின்னாளில் வருந்தினார்.

ஆய்வகத்தில் பெருக்கினார், பேராசிரியர்களின் கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்தார். இதை வெறும் பணிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண்களுக்கு என்று ஒதுக்கிய வேலையை இவள் விட்டுவிடவில்லை என்று அவர்கள் நிம்மதியானால், சோதனைக் குழாயைத் தொட விடுவார்கள் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. 1873-ல் பட்டம் கிடைத்தது. முனைவர் பட்டம் மட்டும் கடைசி வரை எம்.ஐ.டி. தரவில்லை.

1875-ல் அங்கேயே சுரங்கவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ரிச்சர்ட்ஸைத் திருமணம் செய்துகொண்டார். தேனிலவுக்கு நோவா ஸ்கோஷியா போனார்கள், கூடவே கணவரின் மாணவர்களும் சுரங்கம் பார்க்க வந்தார்கள். எலன் அதற்குக் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

மளிகைச் சாமானும் ஆற்றுத் தண்ணீரும்

1876-ல் பெண்களுக்கென்று தனி ஆய்வகம் திறக்க எம்.ஐ.டி. சம்மதித்தது. எலன் அங்கே சம்பளமில்லாமல் கற்பித்தார், கைக்காசும் போட்டார். பெண்களை வழக்கமான மாணவர்களாகவே சேர்க்கத் தொடங்கிய பிறகு, 1883-ல் அந்த ஆய்வகம் மூடப்பட்டது. மாநில சுகாதார வாரியத்துக்காகக் கடைச் சரக்குகளையும் அவர் சோதித்தார். பட்டைத் தூளில் மரத்தூள் கலந்திருந்த காலம் அது. உணவுக் கலப்படம் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அவருடைய பெரிய வேலை 1887-ல் ஆரம்பித்தது. மாநிலம் முழுக்க ஆறு, ஏரி, கிணறுகளிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சுமார் 40,000 மாதிரிகள் அவர் பொறுப்பில் சோதிக்கப்பட்டன. கடலோரத் தண்ணீரில் குளோரைடு இயல்பாகவே அதிகம். உள்நாட்டுக்குப் போகப் போகக் குறையும். அந்த இயல்பான அளவை வரைபடத்தில் கோடு கோடாகக் குறித்தார்கள். ஓர் ஊரில் அதைவிடக் கூடுதலாக வந்தால், சாக்கடை கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். எளிய யோசனைதான், ஆனால் குடிநீர்த் தரத்துக்கு விதி வகுக்க இதுபோன்ற அடிப்படை தேவைப்பட்டது.

அடுப்படியில் ஒரு தோல்வி

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஏன் போனார்? அசுத்தத் தண்ணீரும் கலப்பட உணவும் கடைசியில் வந்து சேர்வது வீட்டுக்குத்தான். அங்கே முடிவெடுப்பவர்கள் பெண்கள், அவர்களுக்கோ அறிவியல் சொல்லித்தர ஆளில்லை. இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டாம்: அன்றைக்குப் பெண்களுக்கு அறிவியலில் திறந்திருந்த கதவுகளில் அகலமானது அதுதான்.

1890-ல் மேரி ஹின்மன் ஏபலுடன் சேர்ந்து பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கிச்சன் என்ற சமையற்கூடத்தைத் தொடங்கினார். சத்துக் கணக்குப் பார்த்துச் சமைத்து, ஏழைத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் விற்பது திட்டம். புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. புரதம் சரியாக இருந்தது, ருசி அவர்கள் ஊர் ருசியாக இல்லை. இன்றைக்கும் டயட் சார்ட் கொடுப்பவர்கள் பலர் சறுக்குவது இதே இடத்தில்தான். ஆனால் அந்த அனுபவம் பாஸ்டன் பள்ளி மாணவர்களின் மதிய உணவுக்குக் கைகொடுத்தது.

1899-ல் லேக் பிளாசிட் என்ற ஊரில் கூடிய சிறு குழு, இந்தப் படிப்புக்கு ஹோம் எகனாமிக்ஸ் என்று பெயர் வைத்தது. 1909-ல் அமெரிக்க மனைப் பொருளியல் சங்கம் உருவானபோது முதல் தலைவர் எலன்தான்.

அவர் திறந்தது கதவா, கட்டியது கூண்டா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. இந்தப் படிப்பால் ஏராளமான பெண்கள் ஆய்வகத்துக்கும் ஆசிரியப் பணிக்கும் வந்தார்கள். வேதியியலில் சேர வந்த பெண்களையும் இந்தப் பக்கமே தள்ளிவிட அதே படிப்பு சாக்காகவும் ஆனது. இரண்டும் நடந்தது என்பதே என் வாசிப்பு.

இந்தியாவில் அகில இந்திய மாதர் மாநாட்டின் முயற்சியால் 1932-ல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி வந்தது. கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல். பெயர்தான் எங்குமே நிலைக்கவில்லை. 1994-ல் அமெரிக்கச் சங்கம் தன் பெயரைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று மாற்றிக்கொண்டது. நம் வேளாண் பல்கலைக்கழகங்களில் இப்போது அது சமுதாய அறிவியல்.

எலன் 1911 மார்ச் 30 அன்று இறந்தார். 1884-ல் எம்.ஐ.டி. அவருக்குக் கொடுத்தது சுகாதார வேதியியல் பயிற்றுநர் பதவி. 27 வருடம் கழித்து இறக்கும்போதும் அதே பதவிதான். பெண் பேராசிரியர்களுக்கென்று அவர் பெயரில் ஓர் இருக்கையை அந்த நிறுவனம் ஏற்படுத்தியது 1973-ல், அவர் பட்டம் வாங்கி நூறு வருடம் ஆன பிறகு.