முகமறியாதோர் கைகளால் வந்த உதவி: இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நமது மலரில் ஆண்டுதோறும் முன்னோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகிறோம். இவ்வாண்டு உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்களைத் தேர்ந்து கொண்டோம். துக்ளக் மன்னரைப் பற்றிய வரலாற்றுப் பாடத்தில் அவர்களின் பெயரை நம்மில் பலர் படித்திருப்போம். பாடநூல் காட்டியது மன்னர்களின் அவைகளைக் கண்ட மாமனிதரை. நாம் இங்கே எழுத முனைவது, யாருமற்று நின்ற வேளைகளில் துஆவை மட்டுமே கையில் வைத்திருந்து, பெயர் தெரியாத மனிதர்களால் காப்பாற்றப்பட்ட ஒரு முஸாஃபிரைப் பற்றி.

மொராக்கோ நாட்டின் தான்ஜா நகரில் ஹிஜ்ரி 703 ரஜப் மாதத்தில் (கி.பி. 1304) காழிகள் பலரை ஈன்ற குடும்பத்தில் அவர்கள் பிறந்தார்கள். 1325 ஜூன் மாதத்தில், தம் 21ஆம் வயதில், உயிருடன் இருந்த தாய் தந்தையரைப் பிரிந்து ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார்கள். துணைக்கு ஒருவரும் இல்லை. வழியில் கடும் காய்ச்சல் கண்டது. விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள். துனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் திரண்டு வந்து, வந்தவர்களில் தமக்குத் தெரிந்தவர்களை எல்லாம் ஸலாம் கூறி வரவேற்றார்கள். இவர்களுக்கு ஸலாம் சொல்ல அங்கே எவருமில்லை. நெஞ்சு தாங்காமல் தேம்பி அழுதார்கள். அதைக் கண்ணுற்ற ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, ஆறுதல் சொல்லி, நகருக்குள் நுழையும் வரை பேச்சுத் துணையாக உடன் வந்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். மஃரிபுக்குப் பின் நம் பள்ளிவாசலின் ஹவ்ளு ஓரத்தில் பையோடு வந்து அமரும் வெளியூர்க்காரரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? தெரிந்தவர்களுக்கெல்லாம் முகம் மலர்ந்து ஸலாம் சொல்லிவிட்டு, அவரைக் கடந்து செருப்பைத் தேடிப் போகிறவர்களில் இதை எழுதும் நாமும் இருந்திருக்கிறோம்.

1326இல் எகிப்து சேர்ந்தார்கள். இஸ்கந்தரிய்யா நகரில் ஷைகு புர்ஹானுத்தீன் அவர்கள், ஊர் ஊராகச் சுற்றும் ஆவல் இளைஞரின் உள்ளத்தில் இருப்பதை உணர்ந்து, இந்தியாவிலும் சிந்துவிலும் சீனத்திலும் உள்ள தம் சகோதரர் மூவரைக் காணும்போது தம் ஸலாமை எத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். அதுவரை அந்நாடுகளுக்குச் செல்லும் எண்ணமே இப்னு பதூதா அவர்களுக்கு இருந்ததில்லை.

அடுத்து, ஃபுவ்வா நகருக்கு அருகில் வாழ்ந்த ஷைகு அபூ அப்துல்லாஹ் அல்முர்ஷிதீ அவர்களைச் சந்தித்தார்கள். கோடைக் காலமாதலால் ஷைகு அவர்களின் தங்குமிடத்து மாடியில் படுத்துறங்கினார்கள். பெரும் பறவையொன்று தம்மைச் சிறகில் சுமந்து கிப்லா திசையில் பறந்து, யமன் வழியாகக் கிழக்கே நெடுந்தொலைவு கொண்டுபோய், இருண்ட பசுமையான ஒரு நாட்டில் இறக்கிவிடுவதாகக் கனவு கண்டார்கள். காலையில் ஷைகு அவர்கள் அதற்கு விளக்கம் கூறினார்கள். ஹஜ்ஜும் மதீனா ஸியாரத்தும் கிடைக்கும். யமன், இராக், துருக்கியர் நாடு எல்லாம் கடந்து இந்தியாவில் நெடுங்காலம் தங்க நேரும். அங்கே ஒரு பெருந்துன்பம் வரும்போது தில்ஷாத் என்னும் தம் சகோதரர் அதிலிருந்து விடுவிப்பார் என்றார்கள். வழிக்குச் சில அப்பங்களும் வெள்ளிக் காசுகளும் கொடுத்து அனுப்பினார்கள். ஆண்டுகள் ஓட, தில்ஷாத் என்ற அப்பெயர் நினைவின் அடியில் போய்விட்டது.

மக்கா, இராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, அனத்தோலியா, கான்ஸ்டாண்டிநோபிள் எனச் சுற்றி, 1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார்கள். டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவர்களைக் காழியாக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 12,000 தீனார். கொடுப்பதிலும் கொல்வதிலும் அளவற்றவராக இருந்தார் அந்த மன்னர். அவரைக் கொடுங்கோலர் என்று துணிந்து கூறிய ஷைகு ஷிஹாபுத்தீன் அவர்கள் சிறைப்பட்டார்கள். அவர்களை முன்பு ஒருமுறை சென்று கண்டதற்காக இப்னு பதூதா அவர்கள்மீதும் மன்னரின் பார்வை விழுந்தது. அடிமைகள் நால்வர் காவலுக்கு நிறுத்தப்பட்டனர். அப்படிக் காவல் வைக்கப்பட்டவர் தப்புவது அரிது. அந்த வெள்ளிக்கிழமை ஹஸ்புனல்லாஹ் திக்ரை 33,000 முறை ஓதினார்கள். தண்ணீர் மட்டும் அருந்தி நாள்களைச் சேர்த்து நோன்பு நோற்று, நாளொன்றுக்கு ஒரு குர்ஆன் ஓதி முடித்தார்கள். ஷைகு அவர்கள் கொல்லப்பட்டார்கள், இவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

ஒருவர் தப்பினார், அவரினும் பெரிய இறைநேசர் வெட்டுண்டார். இதை எப்படி விளங்கிக் கொள்வது? தப்பியவரின் துஆ உயர்ந்தது என்று எண்ணினால் தவறிவிடுவோம். இப்னு பதூதா அவர்களும் அவ்வாறு எண்ணவில்லை. விடுதலைக்குப் பின் உடைமைகளைத் துறந்து, டில்லிக்கு அருகே குகையில் வாழ்ந்த துறவி ஷைகு கமாலுத்தீன் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மறுபடி அழைத்த மன்னர், தம் தூதராகச் சீனத்துக்குச் செல்லுமாறு பணித்தார்.

1342இல் பெரும் பரிசுப் பொருள்களுடன் தூதுக் குழு புறப்பட்டது. கோயில் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட இன்றைய அலிகார் அருகே கிளர்ச்சியாளருடன் மோதல் மூண்டது. துரத்தப்பட்டுக் கூட்டத்தைப் பிரிந்த இப்னு பதூதா அவர்களை வில்லேந்திய ஒரு கும்பல் பிடித்து, உடைமைகளைப் பறித்து, கொல்லும் பொறுப்பை மூவரிடம் ஒப்படைத்தது. இரவு கழிந்தது. கட்டுவதற்கான கயிறும் கண்ணில் பட்டது. மறுநாள், பிடித்தவர்களுள் ஒருவரான அழகிய முகங்கொண்ட இளைஞர் வந்து, விடுவிக்கட்டுமா என்று கேட்டார். ஆம் என்றதும் போகச் சொன்னார். அணிந்திருந்த ஜுப்பாவை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் தம் பழைய நீலப் போர்வையைத் தந்து வழியும் காட்டினார். அந்த இளைஞர் முஸ்லிம் அல்லர் என்பதையும் குறித்துக் கொள்கிறோம்.

அதன் பிறகு ஏறத்தாழ ஒரு வாரம் முள்ளிலும் புதரிலும் ஒளிந்து, இலந்தைப் பழமும் கீரை இலையும் தின்று அலைந்தார்கள். முடிவில் தாகம் பொறுக்காமல் ஒரு கிணற்றை அடைந்தார்கள். கயிறு இருந்தது, வாளி இல்லை. தலையில் கட்டியிருந்த துணியை நனைத்துச் சுவைத்தார்கள், தாகம் தீரவில்லை. காலணியைக் கட்டி இறக்கினார்கள். இரண்டாம் முறை கயிறு அறுந்து அது கிணற்றில் விழுந்தது. மற்றதைக் கட்டி இறைத்துக் குடித்துவிட்டு, அதையே அறுத்துக் கால்களில் சுற்றிக் கொண்டிருந்தபோது எதிரே ஒரு நிழலாடியது. கையில் ஊன்றுகோலும் குவளையும், தோளில் பையுமாகக் கருநிற மேனியர் ஒருவர் நின்று ஸலாம் கூறினார். யார் என்று பாரசீகத்தில் கேட்டார். வழி தவறியவன் என்றார்கள். தாமும் அப்படியே என்றார் அவர். தம் குவளையால் நீர் இறைத்தார். குடிக்கப் போனவர்களைப் பொறுக்கச் சொல்லி, முதலில் பையிலிருந்து வறுத்த கறுப்புக் கடலையும் சிறிது அரிசியும் எடுத்து உண்ணக் கொடுத்தார். வெறும் வயிற்றில் நீர் மட்டும் போனால் ஆகாது என்று அறிந்தவர் போலும். பின்னர் ஒளுச் செய்து இருவரும் இரண்டு ரக்அத் தொழுதார்கள். பெயர் கேட்டதற்கு அல்கல்புல் ஃபாரிஹ் என்றார். மகிழ்ந்த உள்ளம் என்பது அதன் பொருள்.

சேர்ந்து நடந்தார்கள். சிறிது தொலைவில் இப்னு பதூதா அவர்களின் கால்கள் முற்றிலும் ஓய்ந்துபோயின. தனியாக இருந்தவரை நடக்க முடிந்தது, துணை கிடைத்ததும் முடியவில்லையே என்று வியந்தார்கள். அம்மனிதர் தம் தோளில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவரால் சுமக்க இயலாதே என்று தயங்கியபோது, இறைவன் வலிமை தருவான் என்று கூறி ஏற்றிக்கொண்டு, ஹஸ்புனல்லாஹ் திக்ரை ஓதிக்கொண்டே வரச் சொன்னார். ஓதியபடியே கண்கள் செருகின. தரையில் இறங்கும் உணர்வில் விழித்தபோது சுமந்தவரைக் காணவில்லை. எதிரே மக்கள் வாழும் ஒரு சிற்றூர் இருந்தது.

தாஜ்புரா என்ற அவ்வூரின் முஸ்லிம் தலைவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று சூடான உணவு கொடுத்தார். குளித்தபின் உடுத்த, கோயிலில் இருந்த அரபியர் ஒருவர் தம்மிடம் அமானிதமாக வைத்துச் சென்ற உடையை எடுத்து வந்தார். அது இப்னு பதூதா அவர்களே முன்பு அந்த அரபியருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த உடை. அன்றிரவு, தோளில் சுமந்தவர் யாரென்று எண்ணியபடி படுத்திருந்தபோதுதான் 16 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் கேட்ட சொல் நினைவுக்கு வந்தது. அல்கல்புல் ஃபாரிஹ் என்ற அரபுப் பெயரைப் பாரசீகத்தில் சொன்னால் தில்ஷாத்.

அம்மனிதர் யார் என்று நாம் முடிவு கூற வரவில்லை. பயணக் கதைகளை நம்பாத அவையினர் அக்காலத்திலேயே இருந்தனர் என்பதை இப்னு கல்தூன் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். சீனப் பயணப் பகுதியை ஐயுறும் ஆய்வாளர் இன்றும் உள்ளனர். ஆயினும் செருப்பைக் கிணற்றில் தவறவிட்டதையும், பிறர் தோளில் தூங்கிவிட்டதையும் பெருமைக்காக ஒருவர் சொல்லிக்கொள்வாரா என்று நமக்குத் தோன்றுகிறது.

கோழிக்கோட்டில் ஜுமுஆவுக்காகக் கரையில் தங்கியதால் உயிர் பிழைத்தார்கள். பரிசுகளை ஏற்றிய கப்பல் உடைந்து உடன் வந்தவர்கள் மாண்டார்கள். எஞ்சியவை பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும். மாலத்தீவில் காழியாக இருந்து, இலங்கையில் ஆதம் மலை ஏறி, 1344இல் நம் சோழமண்டலக் கரையை நோக்கி வந்தபோது கலம் தரைதட்டியது. கட்டுமரம் போல் ஒன்றை அமைத்து உடன் வந்தவர்களை அனுப்பிவிட்டு, விடியும்வரை உடைந்த கலத்தின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் படகில் வந்து கரைசேர்த்தவர்கள் நம் கரையோர மக்களே. மதுரையில் கொள்ளைநோய் பரவி, கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்து கொண்டிருந்தனர். இவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைக் கரைத்துக் குடிக்குமாறு இறைவன் மனத்தில் உதிக்கச் செய்தான் என்றும், மூன்று நாளில் குணமானது என்றும் எழுதியுள்ளார்கள். நம் அடுக்களைப் புளிக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு. பின்னர் மேற்குக் கடலில் கொள்ளையர் அனைத்தையும் பறிக்க, கால்சட்டை மட்டுமே மிஞ்சிய நிலையில் கோழிக்கோட்டுப் பள்ளிவாசலில் ஒதுங்கினார்கள். மார்க்க அறிஞர் ஒருவர் ஆடையும், காழி தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பிவைத்தார்கள். இஸ்கந்தரிய்யா ஷைகு சொல்லியனுப்பிய மூன்று ஸலாம்களும் சிந்து, இந்தியா, சீனம் ஆகிய மூன்றிலும் உரியவர்களிடம் சேர்ந்தன.

1349இல் தாயகம் திரும்பியபோது தந்தை இறந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயாரும் கொள்ளைநோயில் மறைந்திருந்தார்கள். ஃபாஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸய் அவர்களிடம் தம் நினைவுகளைச் சொல்லச் சொல்ல, 1355இல் நூல் முடிந்தது. பின்பு காழியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 770 அளவில் மறைந்தார்கள். மன்னர்கள், அமைச்சர்கள், ஷைகுகள் என எத்தனையோ பேரைப் பெயரும் பட்டமும் சொல்லிக் குறிப்பிடுகிறது அந்நூல். 30 ஆண்டுகளுக்கு முன் துனிஸ் வாசலில் ஸலாம் சொன்ன ஹாஜியும் அதில் இருக்கிறார். அவர் பெயர் மட்டும் இல்லை.