கழற்றிப் பார்த்தவர்

போன மாசம் ஒரு சாயங்காலம். அருப்புக்கோட்டையில இருந்து பரளச்சிக்கு வந்துட்டு இருந்தேன். போன் வந்துச்சுன்னு ஓரமா நிறுத்திப் பேசிட்டு திரும்ப செல்ஃப் அழுத்துறேன், ஒரு சத்தமும் இல்லை. ஹாரனும் செத்துப்போச்சு. ரெண்டு பக்கமும் கரிசக்காடு, சீமைக்கருவேல மரம். செகண்ட் ஹேண்டில் வாங்கின பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர். சர்வீஸ் விட்டு எடுத்து மூணு நாள்தான் ஆகுது.

கிக்கரை மிதிச்சதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிடுச்சு. ஆனா இன்டிகேட்டர் எஞ்சின் வேகத்துக்குத் தகுந்த மாதிரி துடிக்குது. நான் மூணாம் வருஷம் ட்ரிபிள்ஈ. கிர்ச்சாஃப் விதியைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா என் வண்டியில பேட்டரி எங்க இருக்குன்னே அன்னிக்குத்தான் தேடினேன்! அந்த இருட்டுல எனக்கு ஞாபகம் வந்தவர் ஜி.டி.நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவே இல்லை. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டது. ஒருநாள் ஊர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடுகிற ஒரு வண்டியை அதுக்கு முன்னால் அந்தப் பையன் பார்த்ததில்லை. அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் காசு சேர்த்து, அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை விலைக்கு வாங்கினார். அதாவது அவரோட முதல் வண்டியும் செகண்ட் ஹேண்ட்தான். வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பார்ட் பார்ட்டாகக் கழற்றினார், பிறகு திரும்பப் பூட்டினார். சொல்லித்தர ஆளில்லை, மேனுவலைப் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷும் கிடையாது. எது எதோடு சேருகிறது என்பதைக் கண்ணாலும் கையாலும் படித்தார். மெக்கானிக் ஆனார்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் பேட்டரி இருக்காது. எஞ்சின் சுற்றும்போது மேக்னெட்டோதான் கரண்ட் உண்டாக்கி பிளக்கில் ஸ்பார்க் கொடுக்கும். நம்ம ஸ்கூட்டரில் மெக்கானிக் அண்ணன்கள் மேக்னட் காயில் என்று சொல்வது அதோட பேரப்பிள்ளை மாதிரி.

நாயுடுவோட பாதை நேர்கோடு இல்லை. நம்ம கரிசக்காட்டில் விளைகிற அதே பஞ்சுதான் அவரையும் இழுத்தது. திருப்பூரில் பஞ்சு அரவைத் தொழில் செய்து சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் விட்டார். திரும்பி வந்து, ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், ஓட்டுப் பதிவு மிஷின் என்று பட்டியல் நீளும். எல்லாம் ஜெயிக்கவில்லை. 1952-ல் ரெண்டாயிரம் ரூபாய்க்கு ரெண்டு பேர் போகிற காரைச் செய்து காட்டினார். தயாரிக்க அரசு லைசென்ஸ் தரவில்லை.

நமக்கு நேரா சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர். இன்றைய ஜி.சி.டி.யின் ஆரம்பம் அதுதான். முதல் பிரின்சிபாலும் அவரே. பொறியியல் படிக்க நாலு வருஷம் வேண்டாம், ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். நாலு வருஷம் தப்பா சரியா என்று வாதாடலாம். மெஷினில் கை வைக்காமலே அந்த நாலு வருஷமும் போகுது என்றால் அவர் கோபம் நியாயம்தான்.

1974 ஜனவரி 4-ல் காலமானார். அவர் பெயரில் இருக்கும் கார் மியூசியம் கோவை அவினாசி ரோட்டில் இருக்கிறது. போகாதவங்க ஒரு தடவை போங்க.

சரி, என் வண்டி என்னாச்சு? கிக்கரில் ஸ்டார்ட் ஆகுதுன்னா ஸ்பார்க் பக்கம் பழுதில்லை. இன்டிகேட்டர் எஞ்சினோடு சேர்ந்து துடிக்குதுன்னா காயில் கரண்ட் தருது, பேட்டரி மட்டும் சர்க்யூட்ல இல்லை. அப்போ பார்க்க வேண்டியது மூணே இடம்: ஃபியூஸ், பேட்டரி முனை, எர்த் ஒயர். சர்வீஸ்ல எதைத் தொட்டிருப்பாங்கன்னு யோசிச்சேன். சார்ஜ் போட பேட்டரியைக் கழற்றியிருந்தாங்க. எஞ்சினை ஆஃப் பண்ணி, கால் வைக்கிற இடத்து மூடியைத் திறந்து போன் லைட்ல பார்த்தா, நெகட்டிவ் முனையில ஸ்க்ரூ லூசா ஆடுது. ஒரு ஸ்க்ரூட்ரைவர், ரெண்டு நிமிஷம். ஹாரன் அடிச்ச சத்தத்துல கருவேல மரத்துக் கொக்கெல்லாம் பறந்துபோச்சு.

நீங்களும் இந்த லீவுல வீட்டு வண்டியோட ஒரு மூடியையாவது திறந்து பாருங்க. ஒயரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில.