6174-ஐ உலகுக்குத் தந்த பள்ளி ஆசிரியர் காப்ரேகர்

முதுகலைப் பட்டம் பெறாத பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்டறிந்த கழித்தல் முறை, முதுகலைக் கணிதத்தின் ஒரு பிரிவுக்கு எளிய சான்றாக விளங்குகிறது. அவர், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர்.

தஹாணுவில் 1905 ஜனவரி 17-ஆம் தேதி பிறந்த காப்ரேகர், எட்டு வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணியாற்றிய தந்தைக்கு ஜோதிடத்தில் இருந்த ஈடுபாடு, மகனுக்குக் கணக்கிடுவதில் ஆர்வத்தை ஊட்டியது. புணே பெர்குசன் கல்லூரியில் பயின்றபோது, 1927-இல் ராங்லர் பராஞ்சபே கணிதப் பரிசை வென்றார். 1929-இல் இளங்கலைப் பட்டம் பெற்று, 1930 முதல் 1962 வரை நாசிக் அருகேயுள்ள தேவ்லாலியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1946-இல் அவர் கண்டறிந்த முறை இதுதான்: நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதிய எண்ணைக் கழிக்க வேண்டும். விடையையும் பூஜ்ஜியங்களை விடாமல் நான்கு இலக்கங்களாகவே கொண்டு, இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 கிடைக்கும். அவர் பிறந்த 1905-ஐ எடுத்துக்கொண்டால் 9351, 8172, 7443, 3996, 6264, 4176 எனச் சென்று, ஏழாவது படியில் 6174 வருகிறது. அதன்பின் எத்தனை முறை கழித்தாலும் அந்த எண் மாறுவதில்லை.

ஒரே விதியை மீண்டும் மீண்டும் செயல்படுத்தினால் இறுதியில் என்ன நிகழும் என்பதை ஆராயும் துறையே தனிநிலை இயங்கு அமைப்புகள். மாறாமல் நிற்கும் 6174 போன்ற எண்ணை அத்துறையினர் நிலைப்புள்ளி என்கின்றனர். இரண்டிலக்க எண்களிலோ இம்முறை ஓரிடத்தில் நிற்பதில்லை. 9, 81, 63, 27, 45 என்று சென்று மீண்டும் 9-க்கே திரும்புகிறது. இது சுழற்சி எனப்படுகிறது. அத்துறையில் நுழையும் மாணவர் முதலில் அறியும் இவ்விரு கருத்துகளையும் வெறும் கழித்தலைக் கொண்டே விளக்கிவிடலாம்.

1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் காப்ரேகர் தமது கண்டுபிடிப்பை அறிவித்தார். எனினும், இந்தியக் கணித அறிஞர்கள் பலர் அவரது ஆய்வுகளை அற்பமானவை என ஒதுக்கினர். முன்னணி ஆய்விதழ்களில் இடம் கிடைப்பது அரிதாக இருந்ததால், பல ஆய்வுகளை அவர் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1966-இல் மனைவியை இழந்தார். ஓய்வூதியம் போதாமல் தனிப்பயிற்சி வகுப்புகள் நடத்தி வாழ்ந்தார்.

1975-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் அவரைப் பற்றி எழுதிய பின்னரே உலகின் கவனம் திரும்பியது. அப்போது அவருக்கு வயது 70. தேவ்லாலியில் 1986-இல் காலமான அவரது பெயராலேயே 6174 இன்று காப்ரேகர் மாறிலி என அழைக்கப்படுகிறது.