பென்டன் வரலாறு

இரசாயனம் பயில்வோர் பென்டன் என்னும் பெயரை நன்கு அறிவர். ஆயின், அப்பெயருக்குரியார் யாவர், அவர் கண்டது யாது, அதனால் நம் மலைநாட்டிற்கு ஆவதென்னை என்பவற்றை அறிந்தார் சிலரே. ஆதலின், அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹென்றி ஜான் ஹார்ஸ்ட்மன் பென்டன் 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றினார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த கிறைஸ்ட்ஸ் கல்லூரியிலே பயின்றார். நாம் நாளும் உண்ணும் புளிக்குப் புளிப்புச் சுவையைத் தருவது டார்டாரிக் அமிலம் என்னும் பொருளாகும். அவ்வமிலத்தோடு இரும்பின் உப்பையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் சிறிது கலந்து, பின்னர்க் காரநீரைச் சேர்த்தபொழுது, அழகிய ஊதா நிறம் தோன்றுதலை அவர் கண்டார். 1876-இல் இச்செய்தியைச் சிறியதொரு குறிப்பாக வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 22.

நிறத்தைக் கண்டு வியந்து அவ்வளவில் அமைவார் பலர். பென்டன் அங்ஙனம் அமைந்தாரல்லர். 18 ஆண்டுகள் கழித்து, 1894-இல், அந்நிறத்தின் காரணம் பற்றி விரிவானதோர் ஆராய்ச்சியுரையை வெளியிட்டார். பெராக்ஸைடு தனித்து நின்று செய்யமாட்டாத செயலை, மிகச் சிறிதளவு இரும்பு உடனிருப்பின் விரைந்து செய்யும் என்பதே அவர் கண்ட உண்மை. 1899-இல் இலண்டன் ராயல் சங்கத்தார் அவரைத் தம் உறுப்பினருள் ஒருவராக ஏற்றுச் சிறப்பித்தனர். கேம்பிரிட்ஜிலேயே நெடுங்காலம் ஆசிரியராக விளங்கிய அவர், 1929-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவ்வினை நிகழும் வகையை, அவர் மறைந்து 5 ஆண்டுகளுக்குப் பின், 1934-இல், ஹேபர், வைஸ் என்னும் அறிஞர் இருவர் விளக்க முற்பட்டனர். இரும்பு பெராக்ஸைடைப் பிளத்தலால் ஹைட்ராக்ஸில் என்னும் துணுக்குத் தோன்றுகின்றது. அது கணப்பொழுதும் நிலையாததாயினும், தன்னை அடுத்த கரிமப் பொருளைத் தாக்கிச் சிதைக்கும் ஆற்றல் வாய்ந்தது. இச்செயலால் இரும்பு தன் வலியை இழக்கும். அதன்மேல் வெயில் படுமாயின் மீண்டும் பழைய நிலையை எய்தும். இளைத்த எருது நீருண்டு மீண்டும் நுகம் பூணுதல் போல என்க.

பூச்சிமருந்துகளிற் பெரும்பாலான கரிமப் பொருள்களே. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பது 1939-இலேதான் அறியப்பட்டது. பென்டன் அதனை அறியார். ஆயினும், மருந்து கலந்த கழிவுநீரைத் தூய்மை செய்தற்கு அறிஞர் இன்று ஆராயும் வழிகளுள் அவர் கண்ட வினையும் ஒன்றாயிற்று.

இனி, நம் மலைநாட்டை நோக்குவோம். கொடைக்கானலைச் சார்ந்தது நாயுடுபுரம். சூரியனை ஆராய்தற்கென்றே 1899-இல் வானாராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்ற மலை அது. அம்மலையின் சரிவுகளிலே உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் விளைகின்றன. பயிருக்குத் தெளித்த மருந்தை மழைநீர் ஓடைகளிற் சேர்க்கும். அவ்வோடைகளோ கீழ்நாட்டாரை நோக்கி ஓடுவன. வெயில் உண்டு, மண்ணிலே இரும்பும் உண்டு. ஆதலின் நஞ்சு தானே அழியும் என்று வாளா இருக்கலாமோ எனின், இருத்தல் கூடாது. வெயில்படும் நீர்நிலைகளிலும் மேகத் துளிகளிலும் இவ்வினை இயல்பாகவே சிறிது நிகழ்தல் உண்மையே. ஆயினும், அது நன்கு நிகழ்தற்குப் புளித்த நீர் வேண்டும். ஓடையின் நன்னீரில் இரும்பு துருவாகிப் படியும். மண்ணின் மேற்பரப்பைக் கடந்து வெயில் உட்புகாது. மூடுபனி நாட்களிலோ மேற்பரப்பிலும் குறையும். அன்றியும், மாலத்தியான் என்னும் மருந்து சிதையுங்கால் அதனினும் கொடிய மாலாக்ஸான் தோன்றுதலும் உண்டு.

ஆகவே, தெளிக்கும் மருந்தைக் குறைத்தலே உழவர்க்கும் ஓடைநீர் உண்பார்க்கும் முதற் காப்பாகும். பென்டன் கண்ட வினை, அளவறிந்து கையாளுவார்க்கு உற்ற துணையாகும். பயன் இன்னதென்று அறியாத காலத்தும் ஒரு சிறு நிறத்தை 18 ஆண்டுகள் மறவாதிருந்த அவருடைய உறுதியை, ஆய்வுக்கூடத்திற் பயிலும் நம் நண்பர்கள் கைக்கொள்வார்களாக.