தீராப் பிணியும் தீர்க்காயுளும்

பிணிகளுட் சில வந்து வருத்திச் சென்றொழிவன. சில வாழ்நாள் முழுதும் உடனுறைவன. உடனுறையும் பிணிகளுள் நம் நாட்டார் நன்கறிந்தது நீரிழிவு. யாழ்ப்பாணத்தார் அதனைச் சலரோகம் என வழங்குவர். முதியோர்க்கே உரியதென்று பலர் கருதும் இந்நோய் சிறாரையும் பற்றும் என்பதை மாணாக்கர்க்கு உரைக்கும் போதெல்லாம், பிரடெரிக் பன்ரிங் என்னும் கனடிய வைத்தியரின் வரலாற்றையே யான் எடுத்துரைப்பது வழக்கம்.

பன்ரிங் 1891 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் ஒன்ராறியோ மாகாணத்து அலிஸ்ரன் என்னும் ஊரில், உழவர் குடியொன்றிற் கடைசி மகவாகப் பிறந்தார். இளமையிற் கல்வியால் ஒளிர்ந்தவரல்லர். ரொறன்ரோ சர்வகலாசாலையிற் கலைப்பிரிவில் முதலாண்டிலேயே தவறினார். பின்னர் மருத்துவம் பயின்று 1916 இற் பட்டம் பெற்றார். உலக மகாயுத்தத்திற் படை வைத்தியராய்ச் சென்று, 1918 இற் கையிற் காயமுற்ற நிலையிலும் பிறர் புண்களுக்கே மருந்திட்டு வீரவிருது பெற்றார். 1920 இல் இலண்டன் என்னும் பெயருடைய கனடிய நகரில் வைத்தியத் தொழில் தொடங்கினார். முதல் மாத வருவாய் நான்கு டொலர் மாத்திரமே.

வருவாய் போதாமையால் மாணவர்க்கு விரிவுரை செய்யவும் இசைந்தார். அவ்விரிவுரைக்காக 1920 ஒக்ரோபர் இறுதியிற் சதையி பற்றிய கட்டுரையொன்றைப் படித்தவருக்கு நள்ளிரவு கழிந்தும் உறக்கம் வரவில்லை. எழுந்து ஒரு கருத்தைக் குறித்து வைத்தார். அக்குறிப்பில் நோயின் பெயரையே எழுத்துப் பிழையுடன் எழுதினார் என்பது ஆசிரியர்க்கு நகை விளைக்கும் செய்தி. ஆனால் அக்குறிப்பே அவரை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்றது.

சதையியை நீக்கிய நாய்க்கு நீரிழிவு வரும் என்பதை 1889 இலேயே அறிஞர் கண்டிருந்தனர். சதையியுள்ளே தீவுகள் போலக் கிடக்கும் கலக்கூட்டங்கள் சுரக்கும் நீரே உணவிலுள்ள சர்க்கரையை உடல் பயன்கொள்ளச் செய்கிறது. தீவைக் குறிக்கும் இலத்தீன் மொழிச் சொல்லிலிருந்தே அதற்கு இன்சுலின் என்னும் பெயர் அமைந்தது. சிறாரிற் பெரும்பாலும் காணப்படும் வகையில் அக்கலங்கள் அழிகின்றன, சுரப்பு அற்றுப்போகிறது. வளர்ந்தோரிடம் மிகுதியாகக் காணப்படும் வகையிற் சுரப்பு இருந்தும் உடல் அதற்குச் செவ்வனே இணங்குவதில்லை. ஒரே பெயர், காரணம் வேறு.

1921 மே மாதம் பேராசிரியர் மக்லவுட் அளித்த ஆய்வுகூடத்திற் பன்ரிங்கும் இளைஞர் பெஸ்ற்றும் நாய்கள்மீது சோதனை தொடங்கினர். மருந்தைத் தூய்மைசெய்யும் பணியில் ஆண்டிறுதியிற் கொலிப் சேர்ந்தார். அந்நாளில் இந்நோயுற்ற சிறார்க்கு இருந்த ஒரே வழி பட்டினியொத்த உணவுக் கட்டுப்பாடு. அது சாவைச் சிறிது தள்ளிவைத்ததேயன்றி விலக்கவில்லை. ரொறன்ரோ வைத்தியசாலையிற் கிடந்த லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனின் நிறை 65 இறாத்தலே. 1922 ஜனவரி 11 இல் ஏற்றிய மருந்து போதிய பயன் தரவில்லை. கொலிப் தூய்மைசெய்த மருந்தை ஜனவரி 23 இல் ஏற்றவே அவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அவ்வாண்டு ஓகஸ்டில் வந்த எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமியின் நிறை 45 இறாத்தல். அவர் 1981 வரை, 73 வயது வாழ்ந்தார். ஏற்றிக்கொண்ட ஊசிகளோ 42,000 க்கு மேல்.

1923 இல் நோபல் பரிசு பன்ரிங்குக்கும் மக்லவுட்டுக்கும் கிடைத்தது. பெஸ்ற் விடுபட்டதைப் பொறாத பன்ரிங் தம் பங்கிற் பாதியை அவருக்கீந்தார். பன்ரிங் முன்கோபி, உடனுழைத்தாரோடு பிணங்கியவர். எனினும் அவரும் பெஸ்ற், கொலிப் ஆகியோரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்கே சர்வகலாசாலைக்கு வழங்கினர். 1941 பெப்ரவரியில் நியூபவுண்ட்லாந்தில் நேர்ந்த விமான விபத்தில், தமது 49 ஆம் வயதில் அவர் மறைந்தார். அம்மருந்து விலையால் எட்டாக் கனியாய் நிற்கும் நாடுகள் இன்றும் உள என்பது நெஞ்சை வருத்துவது.

பன்ரிங் நோயைத் தீர்த்தாரல்லர். நோயோடு வாழும் ஆயுளை ஈந்தார் என்பதே யான் வற்புறுத்த விரும்புவது. அவ்வாயுளை நாள்தோறும் காப்பவன் நோயாளியே. எலிசபெத்தின் ஊசிக்கணக்கே அதற்குச் சான்று. வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுவோனையும் ஒன்றாக வைத்தார். பாடசாலையில் அந்நான்காம் கூறு ஆசிரியரே அன்றோ? ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் உடல் மெலிதலும் ஒரு பிள்ளையிடம் தோன்றின், தாமதியாது வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். இன்சுலின் ஏற்றும் பிள்ளை வியர்த்து நடுங்கின் உடனே சர்க்கரை கொடுத்தல் வேண்டும். வெளியே செல்ல அனுமதி கேட்கும் பிள்ளையைக் கடிதல் ஆகாது. இனிப்பு உண்டதால் வந்த நோய் எனப் பழித்தலும் தொற்றும் என அஞ்சி ஒதுக்குதலும் அறியாமை. தொய்வு, வலிப்பு போன்று பலரறிந்த நோய்க்கும், குருதியுறையாமை போன்ற அரிய நோய்க்கும் இது பொருந்தும். மருந்து வைத்தியர் தருவது. பிணியுற்ற பிள்ளை பிறரோடு ஒப்பக் கற்று வாழும் இடத்தைத் தரவேண்டியவர் நாமே.